கப்பல் வந்தாச்சு, கையெழுத்துதான் வரவில்லை

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "கடலுக்கடியில் கேபிள் போடுவதில் கடல்தான் இருப்பதிலேயே சுலபமான பகுதி" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்தால் இந்த முறை வேறு எதற்கும் இடமில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கேபிள் ஒப்பந்தங்களை எழுதியும் அடித்துத் திருத்தியும் சம்பளம் வாங்கியவன் நான். அந்தத் திமிரில் எழுதியதாக ஒருவர் திட்டியிருக்கிறார். சரி, அவரையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி (பெரம்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்): கடல் சுலபம் என்கிறீர்களே, அதென்ன குட்டையா? சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும், சென்னை - அந்தமான் கேபிளுக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டி 2020 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள். வேறு சில கேபிள்கள் மட்டும் ஏன் ஐந்தாறு வருஷம் இழுக்கின்றன?

பதில்: குட்டை என்று நான் சொல்லவில்லை சார். ஆழ்கடலில் கப்பல் கேபிளை விட்டுக்கொண்டே போனால் ஒரே நாளில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிவிடும். கரைக்குப் பக்கத்தில் கலப்பை வைத்து மண்ணுக்குள் புதைக்கிற இடத்தில்தான் நத்தை வேகம். எப்படிப் பார்த்தாலும் சென்னையிலிருந்து போர்ட் பிளேரையும் மற்ற ஏழு தீவுகளையும் சேர்த்து சுமார் 2,300 கிலோமீட்டர் என்பது மாதக்கணக்குதான், வருஷக்கணக்கு இல்லை. வருஷங்களை விழுங்குவது அதற்கு முன்னால் நடப்பவை.

அந்தமான் கேபிளுக்கு மூன்று வசதிகள் இருந்தன. ஒன்று, பணம். ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய், எல்லாம் அரசின் சேவைப் பொறுப்பு நிதியத்திலிருந்து வந்தது, அதாவது நீங்களும் நானும் போன் பில் கட்டும்போது கம்பெனிகள் தங்கள் வருமானத்திலிருந்து அரசுக்குக் கட்டுகிற பங்கு. "இந்தக் கேபிளில் யார் இடம் வாங்குவார்கள், போட்ட காசு எப்போது திரும்பும்" என்று யாரும் எக்செல் போட்டு மண்டையை உடைக்க வேண்டியதில்லை. இரண்டு, முதலாளி ஒருவர்தான், பி.எஸ்.என்.எல். கேபிளைப் போட்டது ஜப்பானின் என்.இ.சி. மூன்றாவதுதான் முக்கியம்: இரண்டு முனையும் ஒரே அரசாங்கத்தின் கையில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையும் இந்தியா, போர்ட் பிளேரும் இந்தியா, ஆனால் நடுவில் இருநூறு கடல் மைலுக்கு மேல் நீளமான ஒரு பகுதியில் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் நாட்டின் முழு ஆட்சி. அதற்கப்பால் 200 கடல் மைல் வரை மீனுக்கும் எண்ணெய்க்கும் உரிமை. அதையும் தாண்டினால் பொதுக்கடல். அங்கே கேபிள் போட யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது. 200 மைலுக்குள்ளும்கூட, குழாய் போட்டால் வழித்தடத்துக்குக் கரை நாட்டின் ஒப்புதல் வேண்டும், கேபிளுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்று 79-வது பிரிவைப் படித்தவர்கள் வாதிடுவார்கள். காகிதத்தில் அப்படித்தான். நடைமுறையில் பல நாடுகள் சர்வேக்கு ஒரு அனுமதி, போடுவதற்கு ஒரு அனுமதி, பழுது பார்ப்பதற்கு இன்னொன்று என்று கேட்கின்றன. கப்பலை அனுப்புகிறவன் பிரிவு எண்ணைச் சொல்லி வம்பு வளர்க்க மாட்டான், விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிடுவான்.

இப்போது சீ-மீ-வீ 6 கேபிளை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுமார் 21,700 கிலோமீட்டர், கூட்டாளிகள் ஒரு டஜனுக்கும் மேல், கரையேறுகிற ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி லைசென்ஸ், தனித்தனி சுற்றுச்சூழல் ஃபைல், தனித்தனி கடற்படை. இந்தியாவில் மட்டுமே தொலைத்தொடர்புத் துறை, உள்துறை, பாதுகாப்பு, வெளியுறவு, சுற்றுச்சூழல், சுங்கம் என்று மேசைகள் நீளும். கரையிறக்கம் வெளிநாட்டுத் தொலைதொடர்பு லைசென்ஸ் வைத்திருக்கும் இந்தியக் கம்பெனியின் பெயரில்தான் நடக்க வேண்டும். 2023 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொடுத்த பரிந்துரையைப் படித்தால் அந்த மேசைகளின் நீளம் தெரியும். அப்போதைய கணக்கில் 17 வெளிநாட்டுக் கேபிள்கள், 14 கரை நிலையங்கள், எல்லாம் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என்ற ஐந்தே ஊர்களில்.

கேள்வி (கோவையிலிருந்து, கட்டட ஒப்பந்ததாரர்): எங்கள் தொழிலில் ஓனர் சைட்டைக் காலி செய்து கொடுக்கத் தாமதித்தால் ஆட்களை வைத்துக்கொண்டு கையைப் பிசைவோம். கடலில் சைட்டை யார் யாருக்கு ஒப்படைப்பது? லேட் ஆனால் யார் தலையில் விழும்?

பதில்: அண்ணே, எங்கள் தொழிலின் பாதிச் சண்டை இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

கடலில் சைட் ஒப்படைப்பு என்பது அனுமதிதான். கேபிள் ஒப்பந்தத்தில் அனுமதிகளை வழக்கமாக இரண்டு கூறாகப் பிரிப்பார்கள். கேபிள் அங்கே காலாகாலத்துக்கும் கிடப்பதற்கான அனுமதி, கரையிறக்க லைசென்ஸ், கடற்கரை நிலம், இவை வாங்குபவரின் பொறுப்பு. கப்பல் வந்து வேலை செய்வதற்கான அனுமதி, மாலுமிகளின் விசா, வெளிநாட்டுக் கொடிக் கப்பல் நம் கரையில் வேலை பார்க்கக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் வாங்கும் லைசென்ஸ், கடற்படைச் சோதனை, இவை போடுபவரின் பொறுப்பு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது கூறு கிடைக்க முதலாவது வேண்டும். முதலாவது கிடைக்கவோ, எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று இரண்டாவது ஆள் சொல்ல வேண்டும். கோழியா முட்டையா கதைதான். ஆகவே அனுபவப்பட்டவர்கள் ஒப்பந்தத்துக்கு ஒரு பின்னிணைப்பு வைத்து, எந்தத் துறை, எந்தக் காகிதம், யார் விண்ணப்பிப்பது, எத்தனை நாள், தவறினால் யார் செலவு என்று வரிவரியாக எழுதுவார்கள். பிரமாதமான வழக்கறிஞர்கள் எழுதிய இருநூறு பக்க ஒப்பந்தத்தில் கடைசியில் எல்லோரும் திறந்து பார்த்தது அந்த மூன்று பக்கத்தை மட்டும்தான் என்று ஆன வேலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கப்பல் சும்மா நின்றால் அதற்கு நாள் வாடகை உண்டு. ஒரு நாளைக்குப் பல பத்தாயிரம் டாலர். ஊர் பெயர் வேண்டாம், ஒரு வேலையில் கேபிளை முழுக்க ஏற்றிக்கொண்டு எங்கள் கப்பல் ஒன்பது நாள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. எல்லாம் தயார். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. வாங்குபவர், "இது உங்கள் கூறு, நீங்கள்தான் பின்தொடர்ந்திருக்க வேண்டும்" என்றார். நாங்கள், "உங்கள் கூறு ஆறு வாரம் தாமதமாக வந்ததால்தான் பழைய அதிகாரி இருக்கும்போது எங்களால் கொடுக்க முடியவில்லை" என்றோம். கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. அந்தப் பாதியை வாங்க எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று, முடி நரைத்ததும் அந்த வருஷம்தான்.

சரி, உங்கள் தொழிலோடு ஒப்பிடுகிற மாதிரி சொல்கிறேன். பணம் கட்டங்கட்டமாக வரும். ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் முன்பணம், சர்வே முடிந்தால் கொஞ்சம், தொழிற்சாலையில் கேபிள் தயாரானால், கப்பலில் ஏறினால், கடலில் இறங்கினால், சோதனை முடிந்து தற்காலிக ஏற்புச் சான்று கொடுத்தால் என்று போகும். வங்கி உத்தரவாதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தாமதத் தண்டம் நாள் கணக்கில் ஓடும், ஒப்பந்தத் தொகையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு உச்சவரம்பு இருக்கும். தற்காலிக ஏற்பு நாளில்தான் கேபிள் வாங்குபவரின் தலைப்பொறுப்பாகிறது. அதற்கு முந்தின நாள் ஒரு நங்கூரம் வந்து அறுத்தால் அது போடுபவரின் கஷ்டம், அல்லது அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியின் கஷ்டம். ஆகவே சோதனைக் கட்டத்தில் இரண்டு தரப்பும் சின்னச் சின்னக் குறைகளுக்காக இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அது பொறியியல் தகராறு என்று நம்பிவிடாதீர்கள், ஏற்புத் தேதியைத் தள்ளுகிற அல்லது இழுக்கிற வேலை.

கட்டடத்தில் இல்லாத இன்னொரு தலைவலி, குறுக்கே போவது. கடலடியில் உங்கள் வழித்தடத்தில் ஏற்கெனவே யாருடைய கேபிளோ, எண்ணெய்க் குழாயோ கிடக்கும். கேபிள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிந்தவரை செங்குத்தாகக் கடப்பது தொழில் மரியாதை. குழாய் என்றால் தனியாகக் குறுக்கீட்டு ஒப்பந்தமே போட வேண்டும், எண்ணெய்க் கம்பெனி வழக்கறிஞர்கள் கேட்கிற இழப்பீட்டு வாசகம் இருக்கிறதே, கேபிள் முழுவதையும் விற்றாலும் தீராது. கடல் சட்ட உடன்படிக்கையின் 114-வது பிரிவு எளிமையாக ஒன்று சொல்கிறது: பொதுக்கடலில் உன் கேபிளைப் போடும்போது அடுத்தவன் கேபிளை அறுத்தால் பழுது செலவு உன்னுடையது என்று ஒவ்வொரு நாடும் சட்டம் செய்ய வேண்டும். நம் தெருவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுகிறவர்கள் மீது இந்தப் பிரிவை யாராவது பிரயோகித்தால் தேவலை.

கேள்வி (காசிமேட்டிலிருந்து, விசைப்படகு உரிமையாளர்): எங்கள் மடி (இழுவலை) கேபிளில் மாட்டினால் வலையை வெட்டிவிட்டு வா என்கிறார்கள். ஒரு செட் வலை, பலகை எல்லாம் சேர்த்தால் லட்சக்கணக்கில் ஆகும். அந்தக் காசை யார் தருவார்? எங்களுக்குத் தெரியாமல் போட்டவர்கள் அல்லவா?

பதில்: நியாயமான கோபம். முதலில் உயிர் விஷயம்: மாட்டியது கேபிள் என்று சந்தேகம் வந்த நிமிஷமே வின்ச்சை நிறுத்திவிடுங்கள். நெடுந்தூரக் கேபிளில் வழியில் ஒளிச் சைகைக்கு வலுவூட்டும் ரிப்பீட்டர்களுக்காக ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதோடு படகு கவிழவும் வாய்ப்புண்டு. ஜி.பி.எஸ். அளவைக் குறித்துக்கொண்டு வலையை விட்டுவிட்டு, கடலோரக் காவல்படைக்கு 1554-ல் சொல்லுங்கள்.

காசு கிடைக்குமா என்றால், சட்டம் உங்கள் பக்கம்தான், அதுவும் நேற்று வந்த சட்டம் இல்லை. தந்திக் கேபிள்களுக்காக 1884-ல் பாரிஸில் ஓர் உடன்படிக்கை போட்டார்கள். கேபிளைக் காப்பாற்றுவதற்காக ஒரு கப்பல் தன் நங்கூரத்தையோ வலையையோ பலி கொடுத்தால், கேபிளின் முதலாளி ஈடு கட்ட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதையே 1982 உடன்படிக்கை 115-வது பிரிவாக எடுத்துக்கொண்டது. ஒரு நிபந்தனை, படகுக்காரர் முன்னெச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். அதாவது கடல் வரைபடத்தில் கேபிள் என்று குறித்த இடத்தில் தெரிந்தே மடி இழுத்திருந்தால் கேட்க முடியாது.

ஆனால் பிரிவு இருப்பதும் கையில் காசு வருவதும் வேறு வேறு. நிரூபிக்க வேண்டியது நீங்கள். கரைக்கு வந்த உடனே சங்கத்திலும் மீன்வளத்துறையிலும் எழுத்தில் கொடுங்கள், தேதி, நேரம், இடம், உடனிருந்தவர்கள், வலை வாங்கிய பில். பில் யார் வைத்திருக்கிறார் என்று கேட்பீர்கள், இனி வையுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று அமெரிக்காவின் ஓரிகன் கரையில் இருக்கிறது. 1998-ல் அங்கே இழுவலை மீனவர்களும் ஒரு கேபிள் கம்பெனியும் உட்கார்ந்து ஒரு கமிட்டி அமைத்தார்கள். வழித்தடம் முடிவாகும் முன்பே மீனவர்களிடம் கேட்பது, மாட்டினால் எந்த போனுக்குக் கூப்பிடுவது, வலையை விட்டுவிட்டு வந்தால் எப்படி ஈடு கொடுப்பது, விதிப்படி நடந்தவர் மீது கம்பெனி வழக்குப் போடாமல் இருப்பது எல்லாம் எழுத்தில். கேபிள் கம்பெனி இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் வருகின்றன, அதில் பெரும்பகுதி மீன்பிடி வலையாலும் நங்கூரத்தாலும்தான். ஒரு பழுதுக்குக் கப்பல் அனுப்புகிற செலவில் எத்தனையோ வலைகள் வாங்கலாம். இந்தக் கணக்கு நம் ஊர் கம்பெனிகளுக்கும் தெரியும். ஆனால் இங்கே நான் பார்த்த கூட்டங்களில் மீனவர்களை அழைத்தது பெரும்பாலும் வழித்தடம் முடிவான பிறகுதான், வடை டீ கொடுத்து ஒரு வரைபடத்தை நீட்டுவதற்கு. நான் உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கத்து நாற்காலியில், ஆகவே இதில் எனக்கும் பங்கு உண்டு.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து, சட்டக் கல்லூரி மாணவி): ஒரு கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய் கேபிளை அறுத்தால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்?

பதில்: தேர்வில் கேட்டால் 113-வது பிரிவை எழுதும்மா. பொதுக்கடலில் வேண்டுமென்றோ, தண்டிக்கத்தக்க அலட்சியத்தாலோ கேபிளை உடைத்தால், அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாடு தண்டிக்கச் சட்டம் செய்ய வேண்டும். குற்றவாளி எந்த நாட்டவரோ அந்த நாடும் விசாரிக்கலாம். கேபிளை இழந்த நாட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை என்பதைக் கவனி.

நிஜத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஈகிள் எஸ் வழக்கு. 2024 கிறிஸ்துமஸ் அன்று குக் தீவுகளின் கொடியுடன் போன இந்த எண்ணெய்க் கப்பல் பின்லாந்து வளைகுடாவில் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய், பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான மின் கேபிளையும் நான்கு தொலைதொடர்புக் கேபிள்களையும் அறுத்ததாகக் குற்றச்சாட்டு. பின்லாந்து கப்பலைத் தன் கடல் எல்லைக்குள் வரவழைத்துப் பிடித்து, கேப்டன் மீதும் இரண்டு அதிகாரிகள் மீதும் வழக்குப் போட்டது. 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம், அறுந்த இடம் பின்லாந்தின் 12 மைலுக்கு வெளியே, ஆகவே விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை, கொடி நாடோ அவரவர் சொந்த நாடோ பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. குக் தீவுகளில் போய் யார் கதவைத் தட்டுவது?

எல்லாக் கேபிளும் 12 மைலுக்குள்ளேயே அறுபட்டால் வழக்கறிஞர்களுக்கு நிம்மதி. அறுபடுகிற கேபிளுக்கு அந்தப் புத்தி இல்லை. சிவில் வழக்கு தனி, இழப்பீடு கேட்டுக் கப்பலையே ஏதாவது ஒரு துறைமுகத்தில் பிடித்து நிறுத்தலாம், கம்பெனிகள் பெரும்பாலும் அந்த வழியைத்தான் விரும்புகின்றன, கப்பலுக்கு இன்சூரன்ஸ் இருக்கும் என்ற நம்பிக்கையில். ஒப்பிட்டுப் படிக்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் பாதுகாப்பு மண்டலங்களைப் பார். சிட்னிக்கும் பெர்த்துக்கும் வெளியே கேபிள் கிடக்கிற பட்டைகளில் நங்கூரம், இழுவலை எல்லாம் தடை, மீறிச் சேதப்படுத்தினால் பத்து வருஷம் வரை சிறை. இந்தியாவில் 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு தொலைத்தொடர்பு வலையமைப்பை முக்கியமான கட்டமைப்பு என்று அரசு அறிவிக்க வழி வைத்திருக்கிறது.

கேள்வி (கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்): செங்கடலில் கேபிள் அறுந்தால் அதை ஒட்ட மாதக்கணக்கில் எடுக்கிறார்களே, கப்பல் இல்லையா, காசு இல்லையா?

பதில்: கப்பலும் உண்டு, காசும் உண்டு. பழுதுக்கென்றே கேபிள் முதலாளிகள் கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கூட்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள், நம் இந்து சமுத்திரப் பக்கத்துக்கு சியோக்மா என்று ஒன்று. சந்தா கட்டுகிறவருக்குக் கப்பலும் உதிரிக் கேபிளும் தயாராக நிற்கும். தீயணைப்பு நிலையம் மாதிரி.

2024-ல் நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி 18-ம் தேதி ஹூதிகளின் ஏவுகணை ரூபிமார் என்ற சரக்குக் கப்பலைத் தாக்கியது. மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுவிட்டார்கள், அது நங்கூரத்தை இழுத்தபடியே மிதந்து மார்ச் 2-ல் மூழ்கியது. இடையில் மூன்று கேபிள்கள் அறுந்தன. அந்த நங்கூரம்தான் காரணமாக இருக்கும் என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. பழுது பார்க்க ஏமன் அனுமதி வேண்டும். எந்த ஏமன்? ஏடனில் உலகம் அங்கீகரித்த அரசு, சனாவில் ஹூதிகளின் அரசு. ஒருவரிடம் வாங்கினால் மற்றவர் சுடலாம். மற்றவரிடம் போனால் அமெரிக்கத் தடைச் சட்டம் பாயலாம். இன்சூரன்ஸ்காரர் போர் அபாயப் பிரீமியத்தை ஏற்றுவார். அறுந்தவற்றில் ஒரு கேபிளின் கூட்டாளிகளில் ஏமன் தொலைபேசிக் கம்பெனியும் ஒன்று, அதை யார் நிர்வகிப்பது என்பதே அங்கே தகராறு, அந்தக் கேபிளின் அனுமதி தனியாக இழுத்தது. ஒட்டுகிற வேலை சில நாள்தான்.

ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் கட்டுமீறிய நிகழ்வு என்று ஒரு பிரிவு உண்டு. போர், நிலநடுக்கம், அரசின் செயல் எல்லாம் அதில் அடங்கும். அதன் பொருள், யாரும் யாருக்கும் தண்டம் கட்ட வேண்டாம் என்பதுதான். உங்கள் இணையக் கம்பெனியும் அதைத்தான் உங்களிடம் நீட்டும். இலங்கைக்கு ஒரு ஆறுதல், வழிகள் பல. தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே 2006-ல் பி.எஸ்.என்.எல்லும் ஸ்ரீலங்கா டெலிகொமும் சேர்ந்து பாரத்-லங்கா என்று ஒரு கேபிள்கூடப் போட்டன. ஆனால் ஐரோப்பாவுக்குப் போகிற பெரும்பாலான வழிகள் அதே செங்கடல் வாசலில்தான் போய் இடிக்கின்றன.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து, முதலீட்டுத் துறையில் வேலை): இவ்வளவு ரிஸ்க் என்றால் பணம் போடுகிறவர்கள் எப்படி எடுக்கிறார்கள்?

பதில்: பலர் எடுக்கவே இல்லை, அதுதான் சுவாரசியம்.

கேபிளில் இடம் விற்பது வீட்டு மனை விற்பது மாதிரியும் இல்லை, வாடகைக்கு விடுவது மாதிரியும் இல்லை. ஐ.ஆர்.யூ. என்று ஒரு ஏற்பாடு, பதினைந்து வருஷத்துக்கு இவ்வளவு கொள்ளளவு உனக்கு, திரும்பப் பறிக்க மாட்டேன், காசை மட்டும் முன்னாலேயே மொத்தமாகக் கொடு. அதோடு வருஷாவருஷம் பராமரிப்புப் பங்கு. பழைய பத்திரப் பாணியில் சொன்னால் நீண்டகால ஒத்தி. கேபிள் முதலாளி திவாலானால் அந்த ஒத்தி நிற்குமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அந்தப் பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் 2002-ல் அழுதார்கள்.

ஏனென்றால் அந்த வருஷம் ஜனவரியில் குளோபல் கிராசிங், ஏப்ரலில் ஃபிளாக் டெலிகாம் என்று கேபிள் கம்பெனிகள் வரிசையாக மஞ்சக் கடுதாசி. கேபிளில் பழுதில்லை, விலைதான் விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டார்கள், கரையில் உள்ள கருவியை மாற்றினாலே அதே இழையில் பல மடங்கு ஓட்டலாம் என்றும் ஆகிவிட்டது. ஃபிளாக்கை ரிலையன்ஸ் சுமார் 20 கோடி டாலருக்கு வாங்கியது. 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய டைக்கோவின் உலக வலையமைப்பை 13 கோடி டாலருக்கு நம் வி.எஸ்.என்.எல். வாங்கியது, அப்போது அது டாடா கையில். இந்த உலகத்தின் பாதியை இந்தியக் கம்பெனிகள் ஆடித் தள்ளுபடியில் எடுத்தன என்று அப்போது எங்கள் அலுவலகத்தில் கிண்டல் செய்வோம்.

இன்றைக்குப் பணம் போடுகிறவர் விற்பதற்காகப் போடுவதில்லை. மெட்டாவும் கூகுளும் தங்கள் சொந்தச் சரக்கை ஓட்டத்தான் கேபிள் போடுகின்றன. ஆப்பிரிக்காவைச் சுற்றி 45,000 கிலோமீட்டர் போகும் '2ஆப்பிரிக்கா' என்ற கேபிளில் மெட்டா ஒரு கூட்டாளி. அவர்களுக்குக் கேபிள் என்பது செலவுக் கணக்கு. ஆகவே ஒப்பந்தப் பேச்சின் தொனியே மாறிவிட்டது. டெலிபோன் கம்பெனிகளின் கூட்டத்தில் ஒரு கமிட்டி முடிவுக்கு மூன்று மாதம் ஆகும், இவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்பார்கள். நீங்கள் முதலீடு செய்வதானால் கேபிளில் இழை ஜோடிகளை யார் யார் ஏற்கெனவே எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பெரிய கை இரண்டு உள்ளே இருந்தால் வங்கி கடன் கொடுக்கும். இல்லையென்றால் உங்கள் எக்செல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடுங்கள்.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகி): அமெரிக்கா - சீனா சண்டை கேபிள் வரைக்கும் போய்விட்டதா?

பதில்: கேபிள் போட்ட பிறகும் போயிருக்கிறது. பசிபிக் லைட் கேபிள் என்று கூகுளும் பேஸ்புக்கும் ஹாங்காங் தரப்பு ஒன்றும் சேர்ந்து அமெரிக்காவிலிருந்து ஹாங்காங்குக்கு 12,800 கிலோமீட்டர் திட்டமிட்டன. கடலடியில் இறக்கியாயிற்று. 2020 ஜூனில் அமெரிக்க அரசுக் குழு, ஹாங்காங் இணைப்புக்கு லைசென்ஸ் தராதே என்று பரிந்துரைத்தது. கடைசியில் தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போகிற கிளைகளை மட்டும் ஓட்ட 2022-ல் அனுமதி கிடைத்தது. முதலில் லைசென்ஸ், பிறகு கேபிள் என்பதுதான் முறை, ஆனால் லைசென்ஸுக்குக் காத்திருந்தால் தொழிற்சாலையில் உங்கள் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பெரிய அளவில் நெடுந்தூரக் கேபிள் செய்து போடுகிறவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நான்கைந்து பேர்தான்: அமெரிக்காவின் சப்காம், பிரான்சின் ஏ.எஸ்.என்., ஜப்பானின் என்.இ.சி., சீனாவின் எச்.எம்.என். அதனால்தான் துணிந்து போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து, பள்ளி ஆசிரியர்): ராமன் பெயரில் ஒரு கேபிள் என்று படித்தேன், நம் சி.வி. ராமனா?

பதில்: அவரேதான் சார், உங்கள் ஊரில் பிறந்தவர். 2021-ல் கூகுள் அறிவித்த ப்ளூ-ராமன் கேபிளில் ஜோர்டானிலிருந்து மும்பை வரும் பாதி ராமன். மத்தியதரைக் கடல் பக்கத்துப் பாதி ப்ளூ. அந்தக் கடலில் 1921-ல் கப்பலில் போகும்போதுதான் நீர் ஏன் நீலம் என்று அவர் யோசித்தார். பெயர் வைத்தவருக்கு ரசனை இருக்கிறது.

கேள்வி (மதுரையிலிருந்து, பழைய இரும்பு வியாபாரி): ஆயுள் முடிந்த கேபிளை என்ன செய்வார்கள்? செம்பு, எஃகு எல்லாம் இருக்குமே.

பதில்: கேட்பீர்கள் என்று தெரியும். 25 வருஷம் என்று கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். அதற்குள்ளேயே புதிய கேபிளோடு போட்டிபோட முடியாமல் பல ஓய்வு பெறுகின்றன. கடல் சட்ட உடன்படிக்கையில் எண்ணெய் மேடையைக் கைவிட்டால் அகற்ற வேண்டும் என்று இருக்கிறது, கேபிளுக்கு அப்படித் தெளிவாக இல்லை. ஆகவே ஆழ்கடலில் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கரைக்குப் பக்கத்தில் அனுமதி கொடுத்த நாடு எடுக்கச் சொல்லலாம். மீட்டெடுத்து உருக்கி விற்பதற்கென்றே சில கம்பெனிகள் இருக்கின்றன, ஆனால் முதலில் முதலாளியிடமிருந்து உரிமையை எழுதி வாங்க வேண்டும், ஏனென்றால் அணைத்துப் போட்டாலும் கேபிள் அவருடையதுதான்.

வியட்நாமில் 2007-ல் நடந்ததைக் கேளுங்கள். 1975-க்கு முன் போட்டுக் கைவிட்ட செப்புக் கேபிள்களை எடுத்து விற்க மீனவர்களுக்கு உள்ளூர் நிர்வாகம் அனுமதி கொடுத்தது. கடலடியில் பழையது எது, ஓடுகிறது எது என்று மேலே நின்று பார்த்தால் தெரியுமா? உயிரோடிருந்த கண்ணாடி இழைக் கேபிளையும் கிலோமீட்டர் கணக்கில் சுருட்டிவிட்டார்கள். நாட்டின் வெளித்தொடர்பே ஆட்டம் கண்டது. எடைக்குப் போட்டபோதுதான் அவர்களுக்கும் தெரிந்திருக்கும், கண்ணாடி இழைக் கேபிளில் செம்பு கொஞ்சம்தான்.